தலையணைக்கு அடியில் சார்ஜ் போடலாமா?

ஒரு காலத்தில் லயத்து வீட்டில் மின்சாரம் என்றால் ஒரு பல்பு, ஒரு ரேடியோ. இப்போது ஒரே பிளக்கில் மகளின் கைப்பேசி, அப்பா பால்வெட்டுக்குக் கட்டிக்கொண்டு போகும் தலைலைட்டு, தம்பியின் வேப் எல்லாம் தொங்குகின்றன. இதற்கென்றே பசார் மாலாமில் யுஎஸ்பி ஹப் வாங்கி வந்து மாட்டுகிறார்கள். வசதிதான், மறுக்கவில்லை.

ஆனால் கணினியில் செருகும் ஹப் தானாக மின்சாரம் தராது. ஒரு பைப்புத் தண்ணீரை நாலு குடும்பம் பிடிக்கிற கதைதான். பழைய யுஎஸ்பி 2.0 வாய் தருவது 500 மில்லிஆம்பியர், 3.0 வாய் 900. வேப் பலவும் 1 ஆம்பியரோ அதற்கு மேலோ கேட்கும். நல்ல ஹப் தாங்காதபோது தானே நிறுத்திக்கொள்ளும். மட்டமானது நிறுத்தாது, மெல்லிய ஒயர் சுட்டு, பிளாஸ்டிக் இளகும். ஆகவே சிரிம் முத்திரையுள்ள அடாப்டரைச் சுவர் பிளக்கில் செருகி, வேப்பைத் தனியாகப் போடுவதே மேல்.

வேப் பிடிக்கவே வேண்டாம் என்பதுதான் நம் கட்சி. 2024 அக்டோபர் 1 முதல் மலேசியாவில் 18 வயதுக்குட்பட்டவருக்கு அதை விற்பதே குற்றம். ஆனாலும் வீட்டில் ஒன்று இருக்கிறதென்றால் பேசாமல் இருக்க முடியுமா?

பெரிய வேப்பிலும் தலைலைட்டிலும் பெரும்பாலும் ஒரே ரக பேட்டரிதான்: 18650. பருமன் 18 மில்லிமீட்டர், நீளம் 65. 4.2 வோல்ட் வந்தால் வயிறு நிறைந்தது. அதற்கு மேலும் ஏற்றினால் சூடாகும். அந்தச் சூடே மேலும் சூட்டைக் கிளப்பி நெருப்பாகிவிடும். மேல்தோல் கிழிந்தது, நசுங்கியது, உப்பியது எதையும் சார்ஜில் போடாதீர்கள். சில்லறையும் சாவியும் கிடக்கும் சட்டைப்பையில் வெறும் பேட்டரியைப் போடவும் கூடாது. மழையில் நனைந்த லைட்டா? நன்றாகக் காயட்டும்.

விடியுமுன் எழவேண்டுமே என்று ராத்திரி முழுக்கச் சார்ஜில் விட்டு, தலைமாட்டில் வைத்துப் படுப்பதுதான் நமக்குப் பெரிய கவலை. பலகை வீடு, ஒரே கூரை, பக்கத்தில் பிள்ளைகள். வேலை முடிந்து வந்து குளித்துச் சாப்பிடும் நேரத்தில், மெத்தைக்கும் திரைக்கும் எட்டாத சிமெண்டுத் தரையில், கண்பார்வையில் போடுங்கள். நிறைந்ததும் கழற்றுங்கள்.

பேட்டரி சீறினாலோ புகைந்தாலோ கையில் எடுக்காதீர்கள், புகை விஷம். மெயின் சுவிச்சை அணைக்க முடிந்தால் அணைத்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறி 999ஐக் கூப்பிடுங்கள். செத்த பேட்டரியின் இரு முனையிலும் டேப் ஒட்டித் தனியாக வையுங்கள். லயத்துக்குப் பின்னால் குப்பை கொளுத்தும் குழிக்கு அது போகவேண்டாம்.