ஓட்டு ஒன்று, தம்ளர் இரண்டு
சித்தூர் மாவட்டத் தமிழ்வழிப் பள்ளியில் சமூக அறிவியல் வாத்தியார் நான். பாடத்தில் நான் நின்று நிதானிக்கும் இடம், 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் ஆற்றிய உரை. தீண்டாமை ஒழிப்புப் பிரிவை சபை 1948-லேயே ஏற்றிருந்தது. ஆனாலும் அம்பேத்கர் எச்சரித்தார்: அரசியல் சட்டம் நடைமுறைக்கு வரும் ஜனவரி 26 முதல் அரசியலில் சமத்துவம் இருக்கும், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் இருக்காது, இந்த முரண் நீடித்தால் பாதிக்கப்பட்டவர்களே ஜனநாயகத்தைத் தகர்ப்பார்கள். மார்ட்டின் லூதர் கிங்கின் 1963 வாஷிங்டன் பேச்சளவுக்கு இது உலகப் புகழ் பெறவில்லை. எனக்கு இதுதான் கனமானது.

வகுப்பில் இதைச் சொன்னதும், “தீண்டாமையா? இப்ப ஏது சார் அதெல்லாம்?” என்றான் ஒருவன்.

பின்பெஞ்சு மாணவி எழுந்தாள். “எங்க பாட்டிக்கு டீக்கடையில தனி தம்ளர் சார். ஓட்டுக் கேக்க மட்டும் எல்லாரும் வந்தாங்களாம்.”

தீண்டாமைக்குத் தண்டனை தரும் சட்டம் 1955-ல் வந்தது. அடுத்த வகுப்பு அதுதான்.