கைக்குழந்தையோடு கடல் தாண்ட: வடசென்னைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், பழுதுபார்க்கும் செலவு தொடங்கும். பள்ளிகளின் கோடை விடுமுறையும் ஏறக்குறைய இதே நாட்களில்தான். அப்பாவும் பிள்ளைகளும் ஒன்றாக வீட்டில் இருக்க மீனவர் வீடுகளுக்குக் கிடைக்கும் நீண்ட காலம் இது ஒன்றுதான். வருமானம் நிற்பதும் இதே காலத்தில்தான். அரசு தரும் நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். அந்த வீடுகளில் வெளிநாட்டுப் பயணம் என்ற பேச்சே எழாது. இதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

ஆனால் எண்ணூர், மணலி ஆலைகளில் நிரந்தர வேலையில் இருப்பவர்கள், துறைமுக ஊழியர்கள், ராயபுரத்துக் கப்பல் மாலுமிகள், திருவொற்றியூர்க் கடைக்காரர்கள் வீடுகளில் அந்தப் பேச்சு இப்போது வருகிறது. வந்ததும் எல்லாரும் கேட்பது எவ்வளவு ஆகும் என்றுதான். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்கிறதா என்பதை.

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையிலோ வேறெங்கோ குழந்தை பிறந்ததும் பிறப்பு பதிவாகிவிடும். அப்போது பெயர் வைத்திருக்க மாட்டார்கள். அதனால் பெற்றோர் பெயர், தேதி எல்லாம் சரியாக இருக்க, குழந்தையின் பெயர் மட்டும் விடுபட்டிருக்கும். ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் உண்டு. சேர்த்தபின் மாநகராட்சியின் இணையதளத்திலேயே சான்றிதழை இறக்கிக்கொள்ளலாம். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்கு, பாஸ்போர்ட்டுக்கான பிறந்த தேதிச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றைத்தான் ஏற்பார்கள். ஆதாரைக் காட்டிச் சமாளிக்க முடியாது. அப்பா பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இந்தக் கட்டத்திலேயே திருத்திவிடுங்கள்.

பிறந்து ஒரு மாதமே ஆன குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். புதிதாக எடுக்கும் 8 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அதில் பத்து சதவீதம் தள்ளுபடி. குழந்தையின் பாஸ்போர்ட் ஐந்து வருஷம்தான் செல்லும். அப்பா, அம்மா இருவரும் கையெழுத்திட்ட 'அனெக்சர் டி' படிவம் தேவை. ஒருவருடைய சம்மதம் கிடைக்காத நிலையில் 'அனெக்சர் சி'. நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு வெள்ளைப் பின்னணியில் எடுத்த படத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும். இந்தப் படம் எடுப்பது சின்ன வேலையில்லை. ஸ்டூடியோவில் வெள்ளை விரிப்பில் குழந்தையைப் படுக்க வைத்து, தாங்கிப் பிடிக்கும் கை படத்தில் விழாமல், கண் திறந்து, வாய் மூடி, நேராகப் பார்க்கும் அந்த ஒரு நொடிக்குக் காத்திருக்க வேண்டும். பால் குடித்து, தூங்கி எழுந்த நேரத்தில் தூக்கிப் போங்கள்.

பெற்றோர் பாஸ்போர்ட்டில் ஒரு விஷயம் நம் பகுதியில் பலரையும் பயமுறுத்துகிறது. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் 'ஈ.சி.ஆர்.' என்ற குறிப்பு வரும். மலேசியாவும் தாய்லாந்தும் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏமாற்றப்படாமல் இருக்க, முன்கூட்டியே அரசின் அனுமதி பெறச் செய்யும் ஏற்பாடு அது. சுற்றுலாவுக்குப் போகிறவருக்கு அந்த அனுமதி தேவையில்லை. திரும்பி வரும் டிக்கெட்டையும் தங்குமிட முன்பதிவையும் கையில் வைத்துக்கொண்டு, குடியேற்ற அதிகாரி கேட்டால் காட்டினால் போதும். பத்தாவது தேறாவிட்டாலும் வருமான வரி கட்டுபவர், 50 வயதைத் தாண்டியவர், ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டுப் படிப்பு முடித்தவர், மாலுமிக்கான சி.டி.சி. வைத்திருப்பவர் ஆகியோர் இந்தக் குறிப்பே இல்லாமல் பாஸ்போர்ட் பெறலாம். இந்தப் பட்டியலில் நம் பகுதிக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். விண்ணப்பிக்கும்போதே அதற்கான சான்றை வையுங்கள். 'ஈ.சி.ஆர். இருந்தால் ஏர்போர்ட்டில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்' என்று சொல்லித் தனியாகப் பணம் கேட்கும் ஏஜென்டிடம் ஏமாறாதீர்கள்.

எங்கே போகலாம்? சிறு பிள்ளைகள் இருந்தால் ஒரு நாடு, ஓர் ஊர், ஒரே தங்குமிடம் போதும் என்பேன். ஐந்து நாளில் மூன்று ஊர் காட்டும் பேக்கேஜில் குழந்தை பார்ப்பது பஸ் ஜன்னலை மட்டுமே. அந்தக் கணக்கில் என் முதல் தேர்வு மலேசியாவின் பினாங்கு.

வடசென்னைக்குப் பினாங்கு புதிய ஊர் அல்ல. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல், சென்னைத் துறைமுகத்திலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1973 வரை ஆட்களை ஏற்றிப் போனது. மேல்தளத்தில் பாயும் தகரப்பெட்டியுமாகப் போனவர்கள் ஆயிரக்கணக்கில். பிறகு வந்த 'எம்.வி. சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்து உயிர்களைப் பலிவாங்கியதோடு அந்தக் கப்பல் தடம் முடிந்தது. அதே பினாங்குக்கு 2024 டிசம்பர் 21 முதல் சென்னையிலிருந்து இண்டிகோவின் நேரடி விமானம் வந்திருக்கிறது. சுமார் நான்கு மணி நேரப் பயணம். இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா இல்லாத அனுமதியை மலேசியா 2026 டிசம்பர் 31 வரை அறிவித்திருக்கிறது. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும்; போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையைக் குழந்தைக்கும் சேர்த்து நிரப்ப வேண்டும். அந்த அட்டைக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையதளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

வெயிலுக்குத் தப்பிப் போவதாக எண்ண வேண்டாம், பினாங்கும் புழுக்கமான ஊர்தான். ஆனால் நூறு வருஷமாக ஓடும் மலை ரயிலில் பினாங்கு மலைக்கு ஏறினால் காற்று மாறும். பிள்ளைகள் அந்த ரயிலை விட்டு இறங்க மாட்டார்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலும் லிட்டில் இந்தியாவும் இருப்பதால் பாட்டிக்கும் அந்நியமாகத் தெரியாது. இட்லி, தோசை, தமிழ்ப் பேச்சு எல்லாம் உண்டு.

இன்னும் பக்கம் வேண்டுமானால் யாழ்ப்பாணம். சென்னையிலிருந்து அங்குள்ள பலாலி விமான நிலையத்துக்குச் சிறிய விமானங்கள் போகின்றன, ஒன்றரை மணி நேரத்தை ஒட்டிய பயணம். இலங்கையின் மின்னணுப் பயண அனுமதி விதிகள் அடிக்கடி மாறுவதால், புறப்படும் வாரத்தில் அந்நாட்டு அரசின் தளத்தைப் பாருங்கள்.

நம் துறைமுகத்திலிருந்தே கப்பல் உண்டே என்று கேட்கலாம். 2023 ஜூன் 5 அன்று மத்திய அமைச்சர் சர்பானந்த சோனோவால், 17.21 கோடி ரூபாயில் அமைந்த பன்னாட்டுக் கப்பல் முனையத்தைத் திறந்து, 'எம்பிரஸ்' சொகுசுக் கப்பலை இலங்கைக்கு அனுப்பிவைத்தார். ராயபுரத்துக்குக் கூப்பிடு தூரம். ஆனால் அந்த ஆண்டு தமிழகப் பள்ளிகள் ஜூன் 12, 14 தேதிகளில் திறந்துவிட்டன. அதுவும் வெயிலால் தள்ளிப்போன தேதி. தென்மேற்குப் பருவமழையில் அரபிக்கடல் கொந்தளிப்பதால்தான் மும்பையிலிருந்து ஓடும் இந்தக் கப்பல் நம் பக்கம் வருகிறது. ஆகவே அது வரும் நேரத்தில் நம் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். மே மாதத்தில் வங்கக்கடலில் புயல் வரும் வாய்ப்பும் உண்டு என்பதால் இது எளிதில் தீராது. என்றாலும் மே கடைசி வாரத்தில் ஒரு பயணமாவது வைக்கும்படி துறைமுக நிர்வாகமும் சுற்றுலாத் துறையும் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பணம் பற்றிச் சுருக்கமாக: இரண்டு வயது நிறையாத குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம், கட்டணம் குறைவு, நிறைந்தால் தனி இருக்கை. விடுப்புப் பயணத்துக்கான எல்.டி.சி. வரிச்சலுகை இந்தியாவுக்குள் போகும் பயணத்துக்கு மட்டுமே. பேக்கேஜ் வாங்கும்போது பிடிக்கப்படும் டி.சி.எஸ். வரியை, கணக்குத் தாக்கல் செய்து திரும்பக் கோரலாம்.

விம்கோ நகரிலிருந்து விமான நிலையத்துக்கு மெட்ரோவில் மாறாமல் போகலாம். காலை ஐந்து மணிக்கு முன் ரயில் இல்லை. விடிகாலை விமானம் என்றால் கார்தான். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் எந்த நேரத்தில் வரிசை கட்டும் என்று சொல்ல முடியாது, ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள். விமானம் இறங்கும்போது காதடைத்துக் குழந்தை அழும். இறங்கப் போவதாக அறிவித்ததும் பால் கொடுங்கள், பெரிய பிள்ளைக்கு ஏதாவது சப்பக் கொடுங்கள். விழுங்கும்போது காது திறக்கும். குழந்தைக்கான பாலுக்கு 100 மில்லி வரம்பு கிடையாது.

மலேசியாவிலும் இலங்கையிலும் டெங்கு உண்டு. திரும்பி இரண்டு வாரத்துக்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை கொடுக்காதீர்கள். மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது, எந்த நாட்டுக்குப் போனீர்கள், எந்தத் தேதியில் திரும்பினீர்கள் என்பதை.