சோடாக் கடையில் ஒரு நாவல்!

"நாவல் எழுதணும் சார்... நேரந்தான் கிடைக்கல" என்று டீக்கடையில் புலம்பும் சேலத்து ஆபீஸ் நண்பரா நீங்கள்? பக்கத்து நாமக்கல்லில் இருக்கும் பெருமாள்முருகனைக் கொஞ்சம் பாருங்கள்.

1966-ல் திருச்செங்கோடு பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா சினிமா தியேட்டரில் சோடாக் கடை வைத்திருந்தார். 'இதுல என்னய்யா கதை இருக்கு?' என்று நாமாக இருந்தால் விட்டிருப்போம். அவரோ தியேட்டரில் சோடா விற்கும் பையன்களை வைத்தே 1993-ல் 'நிழல்முற்றம்' எழுதினார். (உங்க ஆபீஸ் கேன்டீன் மட்டும் என்ன மட்டமா?) முதல் நாவல் 'ஏறுவெயில்' வந்தது 1991-ல். வயது 25!

படிப்பு? 'நாகம்மாள்' எழுதிய கொங்கு முன்னோடி ஆர். சண்முகசுந்தரத்தை எடுத்துக்கொண்டு பிஎச்.டி.யே பண்ணினார். நாமெல்லாம் பத்து புத்தகம் வாங்கி, பத்தாம் பக்கத்தில் மடக்கி வைக்கிற ரகம். அப்புறம் ஊர்ச் சொற்கள். காதில் விழுவதைக் காற்றில் விடாமல் சேர்த்துச் சேர்த்து, 2000-ல் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' என்று புத்தகமாகவே போட்டுவிட்டார். இத்தனைக்கும் அரசுக் கல்லூரியில் தமிழ் வாத்தியார் உத்தியோகம் வேறு.

2014 டிசம்பரில் 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிர்ப்பு கிளம்பியது. 2015 ஜனவரியில் 'எழுத்தாளன் செத்துவிட்டான்' என்று ஃபேஸ்புக்கில் அறிவித்துவிட்டு ஒதுங்கினார். நாவலைத் தடை செய்ய முடியாது என்று 2016 ஜூலையில் சென்னை ஹைகோர்ட் தீர்ப்பு சொன்னது.

நடுவில் ஒன்றரை வருஷம் என்ன செய்தார்? முதலில் சில மாதம் எழுதவே முடியவில்லையாம். பிறகு, அச்சேறுமா என்றே தெரியாமல் கவிதை கவிதையாக எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். 'கோழையின் பாடல்கள்' என்று அதுவும் 2016-ல் புத்தகமாகிவிட்டது!