காலாண்டில் 89, அரையாண்டில் 67... மாரியப்பனின் மார்க் ஷீட்டும் இப்படித்தான்!

அரையாண்டு மார்க் தெரியவந்த அன்று ராத்திரி, லப்பைக்குடிக்காட்டில் பல வீடுகளில் ஒரே காட்சிதான். வளைகுடாவில் வேலை முடித்து ரூமுக்குத் திரும்பிய அத்தா வீடியோ காலில் வருவார். நல்லா இருக்கியா, சாப்பிட்டியா எல்லாம் முடிந்ததும் அந்தக் கேள்வி வரும். "காலாண்டுல 89 எடுத்தே... இப்ப ஏன் 67?" பிள்ளை வாயைத் திறக்காது. போனை வாங்கும் அம்மா, "எந்நேரமும் செல்லுதான்" என்று ஆரம்பிப்பார்.

இதே 89-ம் 67-ம் மாரியப்பன் தங்கவேலுவின் கணக்கிலும் இருக்கின்றன.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டிக்காரர். ஐந்து வயதில், பள்ளிக்குப் போகும் வழியில் பஸ் ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. காய்கறி விற்ற அம்மாதான் வளர்த்தார். பேப்பர் போட்டும், கட்டட வேலை பார்த்தும் வந்தவர், 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். நாடே கொண்டாடியது.

அதன் பிறகு நடந்ததைத்தான் அதிகம் பேர் கவனிக்கவில்லை. 2018 ஜகார்த்தா ஆசிய பாரா விளையாட்டு. தொடக்க விழாவில் தேசியக் கொடி ஏந்திப் போனவர் அவர். தாண்டிய உயரமோ 1.67. முழுசாக 22 சென்டிமீட்டர் குறைவு! கிடைத்தது வெண்கலம்.

அதோடு முடிந்துவிடவில்லை. 2019 துபாய் உலக சாம்பியன்ஷிப்பில் 1.80. டோக்கியோவுக்குப் போகும்போது விமானத்தில் கொரோனா தொற்றுள்ளவர் அருகில் இருந்ததால் தனிமைப்படுத்தப்பட்டார்; கொடி ஏந்தும் வாய்ப்பு தேக் சந்துக்குப் போனது. போட்டி நாளில் மழை வேறு. ஆனாலும் 1.86, வெள்ளி. 2023 ஹாங்சோவில் மறுபடி 1.80. மறு வருஷம் மே மாதம் ஜப்பானின் கோபேயில் 1.88, உலக சாம்பியன். அதே 2024 செப்டம்பரில், பாரிஸில் 1.85, வெண்கலம். தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் இந்தியர் ஆனார்.

89, 67, 80, 86, 80, 88, 85. வீட்டுக்கு இப்படி ஒரு ரேங்க் கார்டு வந்தால் என்ன பேச்சு பேசுவோம்?

உயரம் தாண்டுதலில் ஒரு விசித்திரம் உண்டு. தங்கம் வாங்குபவரும் பெரும்பாலும் தோல்வியோடுதான் அன்றைய ஆட்டத்தை முடிப்பார். ஜெயித்த பிறகும் குச்சியை ஏற்றிக்கொண்டே போவார்கள். தொடர்ந்து மூன்று முறை தட்டிவிட்டால் அவ்வளவுதான். டோக்கியோவில் 1.88-ல் மாரியப்பனின் மூன்று வாய்ப்பும் தவற, அமெரிக்காவின் சாம் க்ரூ அதைத் தாண்டித் தங்கத்தைக் கொண்டுபோனார்.

முதல் முயற்சியில் குச்சி விழுந்ததும் வீரர் என்ன செய்கிறார் என்று அடுத்த முறை டி.வி.யில் கவனியுங்கள். குச்சியையே பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார். நேராக ஓட்டம் தொடங்கும் இடத்துக்குப் போவார். தரையில் ஒட்டிய அடையாளத்தைப் பார்ப்பார். ஓரத்திலிருந்து பயிற்சியாளர் கையைக் காட்டுவார்: அரை அடி பின்னால் போ, கடைசி எட்டை வேகமாக வை. பேச்சு எல்லாம் காலடியைப் பற்றித்தான். 'உனக்கு அக்கறையே இல்லை' என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

வீட்டில் அதைச் செய்வது ஒன்றும் கஷ்டமில்லை. விடைத்தாளை எடுத்து, அந்த 22 மார்க் எந்தெந்தப் பக்கத்தில் போனது என்று உட்கார்ந்து பார்க்கலாம். ஒரு மார்க் கேள்விகளிலா? நேரம் போதாமல் கடைசிக் கணக்கை விட்டதிலா? ஒரு பாடத்தையே தொடாமல் போனதிலா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. 'செல்லுதான் காரணம்' என்று மொத்தமாக முடித்துவிட்டால் எதுவும் தெரியாது. கடையில் ஒரு மாசம் வியாபாரம் படுத்தாலும் கணக்கு நோட்டில் தேட வேண்டியது இதைத்தான்.

'மனசு வெச்சா போதும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வாசகங்கள் பாதி உண்மைதான். மாரியப்பனுக்குப் பள்ளியில் திறமையைக் கண்டுபிடித்த விளையாட்டு ஆசிரியர் இருந்தார். 2015-ல் பெங்களூருவில் சத்தியநாராயணா என்ற பயிற்சியாளர் கிடைத்தார். எத்தனை அடி பின்னால் போக வேண்டும் என்று சொல்ல, பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் பல வீடுகளில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். வீடியோ காலில் முகத்துக்கு நேராக இருக்கும் கேமராவை, விடைத்தாள் பக்கம் திருப்ப ஒரு நொடி போதும்.