பத்து நானோமீட்டர் படுத்திய பாடு

அமெரிக்காவிலுள்ள இண்டெல் கம்பெனியின் பங்குதாரர்களிடையே 2018-ஆம் ஆண்டில் ஒரு பெரிய தர்க்கம் நடந்தது. கம்பெனியார் செய்திருக்கும் புதிய கம்ப்யூட்டர்ச் சில்லு உற்பத்திக்குத் தயாராகிவிட்டதா, இல்லையா என்பதே விஷயம்.

சிறு குழந்தையும் பதில் சொல்லக்கூடிய கேள்வி என்று தோன்றும். பண்டம் வெளிவந்திருந்தால் தயார், வராவிட்டால் தயாரில்லை! ஆனால் சில்லு வியாபாரத்தில் இந்தக் கணக்குச் செல்லாது.

குயவர் சூளையை நேயர்கள் பார்த்திருப்பார்கள். நூறு பானை அடுக்கித் தீ மூட்டினால், விறகுச் செலவு ஒன்றுதான். தொண்ணூறு பானை தேறினால் லாபம். எழுபது வெடித்துவிட்டால், மிஞ்சிய முப்பதின் தலையிலே முழுச் செலவும் விழும். சில்லும் அப்படியே. ஒரு வட்டத் தகட்டிலே நூற்றுக்கணக்கான சில்லுகளைப் பதிக்கிறார்கள். அவற்றுள் எத்தனை பழுதின்றித் தேறுகின்றன என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

'பத்து நானோமீட்டர்' என்னும் புதிய முறையில், முன்னைவிட 2.7 மடங்கு நெருக்கமாக உறுப்புக்களை அடக்கிவிட இண்டெல் என்ஜினீயர்கள் சங்கற்பம் செய்துகொண்டார்கள். பழைய ஒளியைக் கொண்டே அத்தனை நுண்ணிய கோடுகளை வரைய வேண்டியிருந்தது. ஆகவே, ஓர் அடுக்கையே நாலு தடவை, சில இடங்களில் ஐந்தாறு தடவை பதிக்க நேர்ந்தது. தடவைக்குத் தடவை பிசகும் பெருகிற்று. 2015 ஜூலையிலேயே, உற்பத்தி 2017-ன் பிற்பகுதிக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

2017 முடிவதற்குள் சில்லுகளை அனுப்பத் தொடங்கிவிட்டதாக 2018 ஜனவரியில் கம்பெனி அறிவித்தது. "பார்த்தீர்களா!" என்றனர் நம்பிக்கைக் கட்சியார். பழைய சில்லுகளும் அமோகமாக விற்றன. அவ்வருஷத்து வரும்படி 7,080 கோடி டாலர். அதுவரை கம்பெனி கண்டிராத தொகை.

சந்தேகக் கட்சியாரோ கடைக்கு வந்த பண்டத்தைப் புரட்டிப் பார்த்தனர். இரண்டே 'கோர்' கொண்ட சின்னஞ்சிறு சில்லு. அதிலும் படம் காட்டும் பகுதி முடக்கப்பட்டிருந்தது! "ஊனமில்லாத சில்லு போதிய அளவில் கிடைத்திருந்தால் இதை விற்பார்களா?" என்று கேட்டனர்.

விடையைக் கம்பெனியே அளித்தது. தேறும் விகிதம் எதிர்பார்த்த வேகத்தில் உயரவில்லை என்றும், பேரளவு உற்பத்தி 2019-க்குப் போகிறதென்றும் 2018 ஏப்ரலில் ஒப்புக்கொண்டது. 2019-ல் நல்ல சில்லுகள் வந்தது வாஸ்தவமே. ஆனால் அதே வருஷம் ஜூலையில், போட்டிக் கம்பெனியான ஏ.எம்.டி., தைவானிலே செய்வித்த ஏழு நானோமீட்டர்ச் சில்லுகளுடன் சந்தைக்கு வந்துவிட்டது. 2020 ஜூலையில் இண்டெலின் அடுத்த முறையும் தாமதம் என்ற செய்தி வந்ததும், பங்கின் விலை ஒரே நாளில் சுமார் 16 சதவிகிதம் சரிந்தது. சேமிப்பை நம்பிக்கையோடு அதில் போட்டிருந்த குடும்பங்களின் கதியை ஊகித்துக்கொள்ளலாம்.

நமது தேசத்திலும் குஜராத்தின் தோலேராவில் சில்லுத் தொழிற்சாலைக்கு 2024 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கே முதற் சில்லு பிறக்கும் நாளில் மேளம் கொட்டுவோம். மறுநாள் காலையிலேயே சூளைக் கணக்கையும் கேட்டுவிடுவோம்!