மீடிய மொழி: மறைமுகச் சான்றுகளும் அவற்றின் எல்லையும்

முன்னுரை

எக்பட்டானாவை (இன்றைய ஹமதான்) தலைநகராகக் கொண்டு ஈரானின் வடமேற்கில் ஆண்ட மீடியரைக் கி.மு. 550இல் பாரசீக மன்னர் சைரஸ் வென்றார். மீடியரின் மொழியில் ஒரு கல்வெட்டோ ஏடோ கிடைக்கவில்லை. எனினும், ஈரானியவியல் நூல்கள் 'மீடியச் சொற்கள்' எனச் சிலவற்றைத் தருகின்றன. அவை கண்டறியப்படும் முறையையும் அம்முறையின் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சான்றுகள்

கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், பெண்நாயை மீடியர் 'ஸ்பகா' என அழைப்பர் என்கிறார். இதற்கு இனமான வடசொல் 'ஶ்வன்'. வடமொழியின் 'ஶ்வ' இங்கு 'ஸ்ப' என நிற்கிறது.

பழம்பாரசீகத்தில் அதே ஒலி 'ஸ' ஆகும். வடமொழி 'அஶ்வ' (குதிரை) அங்கு 'அஸ'. 'விஶ்வ' (எல்லாம்) அங்கு 'விஸ'. ஆயினும், பாரசீகக் கல்வெட்டுகளிலேயே 'உவஸ்ப' (நற்குதிரைகளை உடைய) என்னும் சொல்லும், 'விஸ்ப' என்பதை முதலாகக் கொண்ட தொகைச்சொல்லும் பயில்கின்றன. இவை பாரசீக ஒலிவிதிக்கு அடங்காமையால் கடன்சொற்கள் எனவும், முன்னர் ஆண்ட மீடியர்வழி வந்தவை எனவும் கருதப்படுகின்றன. முதலாம் தாரியஸின் பெஹிஸ்தூன் கல்வெட்டு 'மீடியன்' என்றே சுட்டும் படைத்தலைவனின் பெயர் தக்மஸ்பாத. அதன் ஈற்றிலுள்ள 'ஸ்பாத' என்பதற்குப் படை என்பது பொருள்.

இவ்விரு ஒலிமரபுகளும் பாரசீகத்தில் தொடர்ந்து, தமிழையும் எட்டியுள்ளன. 'சவாரி' என்பது குதிரைவீரனைக் குறித்த 'அஸபார' என்பதன் வழிவந்தது. 'சிப்பாய்' என்பது 'ஸ்பாத' என்பதன் வழிவந்தது.

சான்றின் எல்லை

'ஸ்ப' மீடியத்திற்கு மட்டும் உரியதன்று. அவெஸ்தா மொழியிலும் பார்த்தியத்திலும் அதுவே காணப்படுகிறது. ஆகவே, ஒரு சொல் பாரசீகமன்று என்பதை அவ்வொலி நிறுவும். அது மீடியமே என்பதை நிறுவாது. பாரசீகத்திற்கு அடங்காதவற்றையெல்லாம் மீடியம் எனக் கொண்டு, பின்னர் அவற்றிலிருந்தே மீடியத்தின் ஒலியியலை வரைவது, நிறுவவேண்டியதையே சான்றாகக் கொள்வதாகும்.

முடிவுரை

ஒலிச்சான்றுடன், மீடியரைப் பெயர் சுட்டும் புறச்சான்றும் இணைந்த 'ஸ்பகா', 'தக்மஸ்பாத' போன்றவற்றை ஒரு வகையாகவும், ஒலிச்சான்று மட்டுமே உடையவற்றைப் 'பாரசீகமல்லாத ஈரானியம்' என மற்றொரு வகையாகவும் பிரித்தல் வேண்டும். அவ்வாறு பிரித்தால் மீடியச் சொற்பட்டியல் மிகச் சுருங்கும். எஞ்சுவது நம்பத்தக்கதாக அமையும். எழுத்துச்சான்றற்ற எம்மொழியின் ஆய்வுக்கும் இவ்வரையறை பொருந்தும்.