அடிக்கு ஒரு நூல்

1812 டிசம்பர் 29. பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கப் போர்க்கப்பல் கான்ஸ்டிடியூஷனும் பிரிட்டனின் ஜாவாவும் மோதிக்கொண்டன. சில மணி நேரத்தில் ஜாவாவின் பாய்மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. கட்டி இழுத்துப்போகக்கூட லாயக்கில்லை என்று முடிவு செய்த அமெரிக்கர்கள் அதற்குத் தீ வைத்தார்கள். இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த அந்தக் கப்பலோடு ஒரு கட்டுக் காகிதமும் போனது. பம்பாயில் கட்ட வேண்டிய புதுக் கப்பலின் வரைபடங்கள் அவை.

லண்டனிலிருந்து மறுபடி ஒரு பிரதி வந்துசேர்ந்து, 1816-ல்தான் பம்பாய்த் துறையில் அந்தக் கப்பலுக்கு ஏரா வைத்தார்கள். ஏரா என்பது கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டை. தலைமைத் தச்சர் ஜம்சேட்ஜி பொமன்ஜி வாடியா பார்சி வழக்கப்படி அதில் ஒரு வெள்ளி ஆணியை அறைந்தார். 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறங்கிய கப்பலின் பெயர் டிரிங்கோமலி, அதாவது திருகோணமலை. அதன் வடிவம் 1782-ல் பிரிட்டன் பிடித்த ஹெபே என்ற பிரெஞ்சுக் கப்பலைப் பார்த்து எடுத்தது. பிரெஞ்சு வடிவம், ஆங்கிலேயர் கட்டளை, பார்சித் தச்சர், மலபார் தேக்கு, தமிழ் ஊர்ப் பெயர்! இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது.

தேக்கு என்றதும் பொள்ளாச்சிக்காரர் காது நிமிரும். 1840-களின் இறுதியில் அதே பம்பாய்த் துறைக்கு ஆனைமலைத் தேக்கை வெட்டி அனுப்புவதற்கென்றே லெப்டினன்ட் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரி காட்டில் அமர்த்தப்பட்டார். யானைகள் இழுத்து, சரிவில் உருட்டி, ஆற்றில் மிதக்கவிட்டு, மரம் கடலுக்குப் போனது. ஆனைமலையிலுள்ள டாப்சிலிப்புக்கு அந்தப் பெயர் வந்ததே மரத்தைச் சரித்துவிட்ட இடம் என்பதால்தான். இந்த மலை ஒரு காலத்தில் கப்பல்களுக்கு உடம்பு கொடுத்தது.

“அதெல்லாஞ் சரிங்க, கடலே இல்லாத ஊர்ல மாதிரிக் கப்பல் செஞ்சு என்னங்க பண்றது?” என்று ஒருவர் கேட்கலாம். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் போனால் கொச்சி. இந்தியக் கடற்படையின் பாய்மரப் பயிற்சிக் கப்பல்கள் தரங்கிணியும் சுதர்ஷினியும் அங்கேதான் நிலைகொண்டிருக்கின்றன. 1997-ல் படையில் சேர்ந்த தரங்கிணி, 2003–04-ல் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. என்.சி.சி. கடற்படைப் பிரிவு மாணவர்களுக்கோ நவ் சைனிக் முகாமில் கப்பல் மாதிரி செய்யும் போட்டியே உண்டு. ஊரில் கடல் இல்லாதது ஒரு பொருட்டே அல்ல.

பொருட்டாவது வேறொன்று: முதல் கப்பலாக எதை எடுப்பது என்பது.

புதிதாக இறங்குபவர்களில் பெரும்பாலானோர் ஆசைப்படுவது பிரிட்டிஷ் அட்மிரல் நெல்சனின் போர்க்கப்பல் விக்டரிமீது. 104 பீரங்கிகள், மூன்று பாய்மரங்கள். நிஜக் கப்பலில் ஓடும் கயிற்றின் நீளம் மட்டும் சுமார் 42 கிலோமீட்டர். அதன் மாதிரிக்கான பாகங்கள் அடைத்த பெட்டியை முதல் முயற்சியாக வாங்குபவர் வாங்குவது கப்பலை அல்ல, பரணில் ஏறப்போகும் ஓர் அட்டைப்பெட்டியை. ஜாவாவை எரித்த கான்ஸ்டிடியூஷனும் கடைகளில் பெட்டியாகக் கிடைக்கிறது. அதற்கும் இதே எச்சரிக்கை. அமெரிக்காவின் மாடல் ஷிப்வேஸ் நிறுவனம் தொடங்குபவர்களுக்கென்றே மூன்று சிறு படகுகளை வரிசையாக வைத்திருக்கிறது. முதலில் தட்டையான அடியுள்ள டோரி மீன்பிடிப் படகு, அடுத்து ஒரு சிறு பாய்ப்படகு, மூன்றாவதாகத்தான் தளமும் ஒற்றைப் பாய்மரமும் கொண்ட சிங்கி இறால் படகு. ஆர்வலர்களுக்கு இந்த வரிசை சலிப்பூட்டும். ஆனால் பலகை எங்கே வளையும், எங்கே அடம்பிடிக்கும் என்பதைக் கை கற்றுக்கொள்வது டோரியில்தான். விக்டரியில் கற்றுக்கொள்ள விலை அதிகம்.

அடுத்தது அளவு. மாதிரிக் கப்பல் உலகில் அதிகம் புழங்கும் விகிதங்களில் 1:96, 1:48 இரண்டும் உண்டு. வெளிநாட்டுப் புத்தகத்தில் இதைப் பார்த்துக் கால்குலேட்டரைத் தேடுபவர், பக்கத்துத் தெருத் தச்சரிடம் போனால் போதும். நம் தச்சர்கள் ஓர் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிப்பார்கள். ஓர் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம், ஆக 96 நூல். எனவே 1:96 என்பது அடிக்கு ஒரு நூல். 1:48 என்பது அடிக்கு இரண்டு நூல். கணக்கு முடிந்தது. டிரிங்கோமலியின் 40 அடி அகலம் 40 நூல், அதாவது ஐந்து அங்குலம். ஐந்தரை அடி மாலுமி ஐந்தரை நூல் உயரத்தில் தளத்தில் நிற்பார்.

இதே கணக்கில் தமிழர் கப்பல் ஒன்றையும் அளந்து பார்க்கலாம். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி, இரட்டைப் பாய்மரச் சரக்குக் கப்பல், சுமார் 90 அடி நீளம். அதை ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்க, வல்வெட்டித்துறை மாலுமிகள் அட்லாண்டிக்கைக் கடந்து 1938-ல் மாசசூசெட்ஸின் குளொஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அடிக்கு ஒரு நூல் வைத்தால் பதினோரு அங்குலம் சொச்சம்; அடிக்கு இரண்டு நூல் வைத்தால் இருபத்திரண்டரை அங்குலம். பீரங்கி இல்லை, மூன்றாவது பாய்மரம் இல்லை. மூன்று படகுகளில் கை பழகியவருக்கு நான்காவதாக இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது கடினம். எந்தப் பெட்டியிலும் வராது என்பதுதான் இதன் அழகும் சிரமமும்.

மரத்துக்கு வந்தால், உள்ளூர் பெருமையைக் கொஞ்சம் அடக்க வேண்டியிருக்கிறது. நிஜக் கப்பலுக்குத் தேக்கு அரசன். மாதிரிக் கப்பலுக்கு அது அவ்வளவு தோதான மரம் அல்ல. ரேகை முரடு, ஒரு நூல் அகலப் பலகையில் அந்த ரேகை நிஜத்தில் ஓர் அடிப் பலகையில் ஓடும் பள்ளமாகத் தெரியும். எண்ணெய்ப்பசை இருப்பதால் ஃபெவிகாலும் சரியாகப் பிடிக்காது. தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். மஞ்சக்கடம்பு வேறு சாதி. நெருக்கமான, சீரான ரேகை, கத்திக்குப் பணியும், இளமஞ்சள் நிறம். பஞ்சாலைகளின் பாபின்களுக்கு அந்தக் காலத்தில் இந்த மரத்தைக் கடைந்தார்கள் என்பதே அதன் நேர்த்திக்குச் சான்று. சா மில்லில் கழிவாகக் கிடக்கும் துண்டுகள் போதும். உள்ளே நிற்கும் வங்குகளுக்கு, அதாவது விலா எலும்புகளுக்கு, நல்ல பிளைவுட்.

பலகை ஒட்டும்போது எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கப்பலின் வயிற்றுப் பகுதியில் சுற்றளவு அதிகம், முனையில் குறைவு. ஆனால் மேலிருந்து கீழ்வரை ஒட்ட வேண்டிய பலகைகளின் எண்ணிக்கை இரண்டு இடத்திலும் ஒன்றே. ஆகவே ஒவ்வொரு பலகையையும் முனை நோக்கிக் குறுக்கிச் சீவ வேண்டும். சீவாமல் அப்படியே ஒட்டினால் நான்காவது பலகையிலேயே அது மேல்நோக்கி ஏறிக்கொள்ளும். பிறகு அந்தக் கோணலை எந்த உப்புத்தாளும் திருத்தாது. பாதி அகலத்துக்குக் கீழேயும் குறுக்கக் கூடாது. அந்த நிலை வந்தால் ஒரு பலகையை நடுவழியில் நிறுத்திவிட்டு, பக்கத்துப் பலகையை அகலமாக விட வேண்டும். நிஜத் தச்சர்களும் அதைத்தான் செய்தார்கள். வளைப்பதற்குச் சுடுதண்ணீரில் ஊறல். அவசரத்துக்கு ஃபெவிக்விக் வைக்கலாம். ஆனால் அது காயும்போது சுற்றிலும் வெள்ளை பூக்கும், வார்னிஷ் அடித்த பிறகும் காட்டிக்கொடுக்கும்.

இனி கயிறு. இங்கேதான் கொங்கு நாட்டுக்காரர் உலகத்தில் யாரையும்விட ஒரு படி முன்னால் நிற்கிறார். பலருக்கு அது தெரிவதில்லை.

பெட்டியோடு வரும் நூல் பெரும்பாலும் பஞ்சு பிசிறும். 1:96-ல் அந்தப் பிசிறு, நிஜக் கயிற்றில் முழ நீள முடி முளைத்தது போலிருக்கும். தீர்வு கோவை, திருப்பூர் வட்டார மில்காரர்களுக்கு நெடுநாளாகத் தெரியும்: தீச்சுடரில் ஓட்டிப் பிசிறைப் பொசுக்கி எடுக்கும் கேஸ்டு நூல். கனத்தைத் தேர்வதும் மில் கணக்குத்தான். நாற்பதாம் நம்பர் ஒற்றை இழை ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர் கனம். 1:96-ல் அது அரை அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட கயிறு. பழைய கப்பல் புத்தகங்களில், உதாரணமாக 1794-ல் லண்டனில் டேவிட் ஸ்டீல் வெளியிட்ட பாய்மரப் புத்தகத்தில், கயிற்றின் அளவு சுற்றளவாகக் குறிக்கப்படும், குறுக்களவாக அல்ல. பன்னிரண்டு அங்குலக் கயிறு என்றால் குறுக்களவு நான்கு அங்குலத்துக்கும் குறைவு. மாதிரியில் சரியாக ஒரு மில்லிமீட்டர். இதைக் கவனிக்காமல் மூன்று மடங்கு தடித்த கயிறு கட்டிய கப்பல்கள் ஏராளம். பார்த்தவுடன் பொம்மை என்று தெரிந்துவிடும்.

முறுக்கின் திசை இன்னும் நுட்பம். கப்பலின் சாதாரணக் கயிற்றை நிமிர்த்திப் பிடித்தால் புரிகள் கீழ் இடப்பக்கத்திலிருந்து மேல் வலப்பக்கமாக ஏறும். மில் பாஷையில் இசட் முறுக்கு. நங்கூரக் கயிறு போன்ற பருத்த கயிறுகள் மூன்று கயிறுகளைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்கியவை, ஆகவே எஸ் முறுக்கு. தையல் நூலின் கடைசி முறுக்கு வழக்கமாக இசட். அதில் மூன்றைச் சேர்த்துத் திரித்தால் எஸ் கயிறுதான் வரும், நங்கூரத்துக்குச் சரி, பாய்மரத்துக்குத் தப்பு. நெசவுக்குப் போகும் இரட்டை நூல் பெரும்பாலும் எஸ்ஸில் முடிந்திருக்கும். அதில் மூன்றைத் திரித்தால் தேவையான இசட் கிடைக்கும். வெளிநாட்டு ஆர்வலர்கள் தேடித் தேடி வாங்கும் சரக்கு, இங்கே கோனில் சுற்றிக் கிடக்கிறது.

திரிக்கும் கருவியும் அந்நியமானதல்ல. பொள்ளாச்சியைச் சுற்றித் தேங்காய் நார்க் கயிறு திரிக்கும் ராட்டையைப் பார்த்தவருக்கு விளக்கம் தேவைப்படாது. ஒரு முனையில் சுழலும் மூன்று கொக்கிகள், மறுமுனையில் எதிர்த்திசையில் சுழலும் ஒரு கொக்கி, இடையில் புரிகளைப் பிரித்துவைக்கப் பள்ளம் வெட்டிய ஒரு கட்டை. மேசைமேல் வைக்கும் அளவுக்கு இதைச் சிறிதாக்கி, சின்ன மோட்டார் ஒன்றைப் பொருத்தினால் ஆயிற்று. மூன்றில் ஒரு பங்கு நீளம் முறுக்கிலேயே போய்விடும், நிஜக் கயிற்றிலும் அப்படித்தான். அதற்கேற்ப நூலை விட வேண்டும். முடிந்த கயிற்றைத் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்தால் மிச்சப் பிசிறும் படியும். பாய்மரத்தைத் தாங்கி நிலையாக நிற்கும் கயிறுகளுக்குக் கருப்பு அல்லது அடர்பழுப்பு, ஏனென்றால் நிஜத்தில் அவற்றுக்குத் தார் பூசினார்கள். பாயை ஏற்றி இறக்கும் கயிறுகளுக்கு வெளிர்நிறம்.

பாய்த்துணிக்குப் பழசான தோற்றம் தர, மாதிரிக் கப்பல் செய்வதையே தொழிலாக்கிக்கொண்ட மொரிஷியஸ் தீவின் பட்டறைகளில் தேயிலைச் சாயத்தில் முக்குகிறார்கள். வால்பாறைத் தூள் வீட்டிலேயே இருக்கிறது, செய்து பார்க்கலாம். ஆனால் தேயிலைச் சாயத்தில் அமிலம் உண்டு, நாளடைவில் துணியை அரிக்கும். பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்க வேண்டும் என்பவர் துணிச்சாயமே வாங்கிக்கொள்ளட்டும். அல்லது பாயே கட்டாமல் வெறும் மரமும் கயிறுமாக நிறுத்தட்டும். நல்ல மாதிரிகள் பல அப்படித்தான் இருக்கின்றன.

அடுத்த இதழில்: வரைபடத்தின் மூன்று தோற்றங்களைப் படிப்பது எப்படி, அவற்றிலிருந்து அன்னபூரணி அளவுள்ள கப்பலுக்கு வங்குகளை வெட்டுவது எப்படி.